தட்டுக்கு நடுவே காற்று எவ்வளவு ஓடுகிறது? ஏலக்காய் ஸ்டோருக்குச் செய்த ஒரு சூட்டு சென்சார்

ஏலக்காய் ஸ்டோர் என்பது பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி அடுப்புச் சூட்டில் உலர்த்தும் அறை. அங்கே எல்லார் கண்ணும் தெர்மாமீட்டர் மேலேயே இருக்கும். 45 தாண்டிவிட்டதா, 50 தொட்டுவிட்டதா, அடுப்பில் விறகைத் தள்ளணுமா, வெளியே இழுக்கணுமா என்று ராத்திரி முழுக்க அதைப் பார்த்துத்தான் வேலை நடக்கும். காற்றை யாரும் அளப்பதில்லை. ப்ளோயர் ஓடுகிற சத்தம் கேட்டால் போதும், காற்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள்.

எனக்குக் கம்பம் ஊரில் மோட்டார், எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் கடை. மலைமேல் வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் ஸ்டோர் வைத்திருக்கும் அண்ணன் ஒருவருடைய ப்ளோயர் மோட்டாருக்குப் புதுக் கம்பிச்சுருள் கட்டிக் கொண்டுபோய் மாட்டியபோது அவர் சொன்னது இது: "சூடு எல்லா எடத்துலயும் ஒண்ணாத்தான் காட்டுது தம்பி. ஆனா கீழ்த்தட்டு ரெண்டும் விடியக்காலத்துலயும் ஈரமாத்தான் கெடக்கு. நடுராத்திரி ஆள எழுப்பி தட்ட மாத்திப் போட வேண்டியிருக்கு." மோட்டார் நன்றாக ஓடியது. சூடும் சரி. மிச்சம் இருப்பது காற்றோட்டம் மட்டும்தான். அதை அளக்க ஒரு கருவி செய்தேன். செய்த விதம், அளந்ததில் தெரிந்தது, அதற்குப் பிறகு ஸ்டோரில் மாற்றியது எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பறித்து வந்த பச்சைக்காயில் ஏறத்தாழ 80 சதவீதம் தண்ணீர். உலர்ந்த காயில் 10, 11 சதவீதம்தான் நிற்க வேண்டும். 100 கிலோ பச்சைக்காய் போட்டால் 22 கிலோ சொச்சம் உலர்காய் கிடைக்கும், பாக்கி 77, 78 கிலோவும் தண்ணீராக வெளியேற வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை அந்தச் சூட்டில் ஆவியாக்க 2.4 மெகாஜூல் பிடிக்கும். மொத்தம் 186 மெகாஜூல், கரண்ட் கணக்கில் 52 யூனிட். விறகு கொடுக்கிற இந்த வெப்பத்தைத் தட்டு வரைக்கும் சுமந்துபோவதும் காற்றுதான், ஆவியைச் சுமந்து வெளியே கொண்டுவருவதும் காற்றுதான். காற்று போகாத மூலையில் தெர்மாமீட்டர் 48 காட்டும், காய் மட்டும் தன் ஆவிக்குள்ளேயே வெந்துகொண்டு கிடக்கும். சூட்டைக் கூட்டித் தப்பிக்கவும் முடியாது. 50, 55 தாண்டினால் பச்சை நிறம் போய்விடும். போடியிலோ புத்தடியிலோ ஏலத்துக்குப் போகும் காய்க்கு நிறமும் பருமனும்தானே விலை.

கடையில் கிடைக்கும் காற்றாடி வைத்த வேகமானி இங்கே உதவாது. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே இருப்பது நாலு விரற்கடைக்குக் கொஞ்சம் கூட. காற்றாடித் தலையை அதற்குள் நுழைத்தால் அதுவே பாதி வழியை அடைத்துவிடும். மெதுவான காற்றில் அது சுற்றவே தொடங்காது, நமக்கு வேண்டியதோ அந்த மெதுவான இடங்கள்தான். அதனால் சூடான சென்சார் வழியைப் பிடித்தேன்.

தத்துவம் வீட்டில் எல்லாரும் செய்வதுதான். கொதிக்கிற காப்பியை ஊதினால் சீக்கிரம் ஆறுகிறது, வேகமாக ஊதினால் இன்னும் சீக்கிரம். சிறிய பொருள் ஒன்றை, அதைச் சுற்றியுள்ள காற்றைவிட எப்போதும் 25 டிகிரி கூடுதல் சூட்டில் பிடித்து வைத்திருக்க வேண்டும். காற்று வேகமாக வந்தால் அது அதிக வெப்பத்தை இழக்கும், சூட்டைத் தக்கவைக்க அதிக மின்திறன் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்த மின்திறனைப் பார்த்தால் காற்றின் வேகம் தெரிந்துவிடும். மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த எல்.வி. கிங் 1914-இல் மெல்லிய கம்பிகளை வைத்து இதற்குச் சூத்திரம் கொடுத்தார். இழக்கும் வெப்பத்தில் ஒரு பங்கு மாறாமல் நிற்கும், இன்னொரு பங்கு வேகத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி ஏறும். இன்றைக்கும் அதைக் கிங் விதி என்றே சொல்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இதற்குப் பயன்படும் டங்ஸ்டன் கம்பி 5 மைக்ரான் தடிமன்தான். காரில் எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற எம்.ஏ.எஃப். சென்சாரும் இதே குடும்பம். பழைய பாஷ் சூட்டுக்கம்பி வகையில் எஞ்சினை நிறுத்தியதும் கம்பி ஒரு விநாடி 1000 டிகிரி வரை சூடாகித் தன் மேல் ஒட்டிய அழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும். அந்த அளவுக்கு நுட்பம் ஸ்டோருக்குத் தேவையில்லை. ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும். அதற்குச் சூடேற்ற ஒரு ரெசிஸ்டரும், சூட்டை அளக்க இரண்டு தெர்மிஸ்டரும் தாராளம்.

சென்சார் தலையை விவரமாகச் சொல்கிறேன், முழு வேலையின் தரமும் அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. 100 ஓம், கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று. அதன் வயிற்றில் கண்ணாடி மணி போன்ற 10 கிலோஓம் என்.டி.சி. தெர்மிஸ்டரை (சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை) ஒட்ட வைத்து, ஒரே இழை செப்புக்கம்பியால் இரண்டு சுற்றுக் கட்டி, வெப்பம் கடத்தும் எப்பாக்ஸியை மெல்லிசாகப் பூசினேன். அதிகம் பூசினால் தலை தடித்துப்போகும், சூடேறவும் ஆறவும் நேரம் பிடிக்கும். ரெசிஸ்டரின் தடிமனான கால்களை அப்படியே விடக்கூடாது. தலையின் சூடு அந்தக் கால் வழியே இறங்கி ஒயருக்குள் ஓடிவிடும், காற்று எடுத்துப்போகும் சூட்டோடு அதுவும் கலந்துவிடும். கால்களை 3 மில்லிமீட்டருக்கு நறுக்கி, மோட்டார் சுருள் கட்டும் 34 கேஜ் எனாமல் கம்பியில் ஐந்து சென்டிமீட்டர் வைத்துப் பற்றவைத்தேன். குறுக்குப் பரப்பில் இது அந்தக் காலைவிட ஆறு மடங்குக்கு மேல் சிறியது. 50 மில்லிஆம்பியர் அதில் தாராளமாகப் போகும், சூடு போகாது. அதற்குப் பின்னால் சாதாரண ஒயர்.

இரண்டாவது தெர்மிஸ்டர் காற்றின் இயல்பான சூட்டைப் பார்ப்பதற்கு. சூடான தலைக்குப் பக்கவாட்டில் நாலு சென்டிமீட்டர் தள்ளி, அதன் சூடு மேலே படாத இடத்தில் வைத்தேன். இரண்டையும் தாங்குவது வழித்துச் சீவிய மூங்கில் குச்சி. உலோகக் கம்பி வேண்டாம், அது சூட்டைக் கடத்தும். தலைக்கு முன்னால் வளைத்த மெல்லிய கம்பி ஒன்று மட்டும், தட்டில் இடிபட்டு உடையாமல் இருக்க.

ஸ்டோருக்குள் காற்று 50 டிகிரி, சென்சார் தலை 75 டிகிரி. இந்த எல்லையை மனதில் வைத்துத்தான் மற்ற உதிரிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெர்மிஸ்டரோடு தொடரில் 10 கிலோஓம் போடுவதுதான் எங்கும் காணும் சர்க்யூட் படம். அறைச் சூட்டுக்கு அது சரி. ஆனால் 75 டிகிரியில் இந்தத் தெர்மிஸ்டர் 1.5 கிலோஓமுக்கு இறங்கிவிடும். 10 கிலோஓம் போட்டால் அந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு ஏ.டி.சி.யில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) நாலு எண்கூட நகராது. 2.2 கிலோஓம் போட்டால் எட்டு எண் நகரும். ஒரே ஒரு ரெசிஸ்டரை மாற்றினால் நுண்மை இரட்டிப்பாகிறது.

ஆனால் 2.2 கிலோஓம் போடும்போது தெர்மிஸ்டரில் ஓடும் மின்னோட்டமும் கூடும். 5 வோல்ட்டில், 50 டிகிரியில், அளக்கிற மின்னோட்டமே தெர்மிஸ்டரில் இரண்டரை மில்லிவாட்டுக்கு மேல் சூடு உண்டாக்கும். இவ்வளவு சின்ன மணிக்கு அது ஒரு டிகிரிக்கு மேல். காற்றுச் சூட்டைப் பார்க்க வைத்த தெர்மிஸ்டரும் தானே சூடாகி, அதுவும் காற்று வேகத்துக்கேற்ப ஆறத் தொடங்கினால் அளவு குழம்பிவிடும். அதனால் தெர்மிஸ்டர்களுக்கு நிரந்தரமாக மின்சாரம் தரவில்லை. எண்களைப் படித்துக் கணக்கிடுவது ஆர்டுயினோ நானோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு. அந்த நானோவின் ஒரு டிஜிட்டல் காலிலிருந்து, படிக்கிற சில மில்லிவிநாடிக்கு மட்டும் 5 வோல்ட் போகிறது. விநாடிக்கு நாலு முறை படிப்பு, மற்ற நேரம் அணைந்திருக்கும்.

ரெசிஸ்டருக்கு நானோவின் காலிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுக்கக் கூடாது. 100 ஓமுக்கு 5 வோல்ட் என்றால் 50 மில்லிஆம்பியர், அந்தக் கால் தாங்கும் உச்ச வரம்பே 40. நடுவே பி.டி.139 ட்ரான்சிஸ்டர், அதன் பேஸுக்கு 1 கிலோஓம். முழுத்திறனில் ரெசிஸ்டருக்குக் கால் வாட் கிடைக்கும், அதன் தாங்குதிறனும் அவ்வளவே. நானோவில் ஓடும் புரோகிராமின், அதாவது ஸ்கெட்ச்சின், வேலை சுருக்கமானது. சூடான தலைக்கும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் 25 டிகிரிக்குக் குறைந்தால் பி.டபிள்யூ.எம். அளவை (ரெசிஸ்டருக்கு விட்டுவிட்டுப் போகும் மின்சாரத்தில் 'ஆன்' நேரத்தின் பங்கு) கூட்டு, மிஞ்சினால் குறை. கூட்டிக் குறைக்கும்போது வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் எப்போதும் ஒரு டிகிரி சொச்சம் பின்தங்கியே நிற்கும். பழைய வித்தியாசங்களைச் சேர்த்துக்கொண்டே வரும் ஒரு எண்ணும் கூட இருக்க வேண்டும். வெப்பநிலையைப் படிக்கும் நேரத்தில் ஹீட்டரை, அதாவது அந்த ரெசிஸ்டரை, அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கிரவுண்ட் ஒயரில் ஓடும் 50 மில்லிஆம்பியர் அளவைக் கெடுக்கும்.

மாறாத மின்திறனைக் கொடுத்துவிட்டு வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது இதைவிட எளிது, கன்ட்ரோல் எதுவும் வேண்டாம். அப்படியும் ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் அளவு நிலைக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கதவைச் சாத்தி, தட்டுக்குத் தட்டு நகர்த்தி அளக்கிற வேலைக்கு அது ஒத்துவராது. வித்தியாசத்தை 25 டிகிரியிலேயே பிடித்து வைத்தால் பத்துப் பதினைந்து விநாடியில் எண் நின்றுவிடுகிறது. தலை சூடேறவோ ஆறவோ காத்திருக்க வேண்டியதில்லை அல்லவா, மின்திறன் மட்டும்தான் மாற வேண்டும்.

மின்திறனைக் கணக்கிடும்போது 5 வோல்ட் என்று எழுதிவிட்டுப் போகக் கூடாது. பவர் பேங்கிலிருந்து வருவது 4.7 ஆகவும் இருக்கும், 5.1 ஆகவும் இருக்கும். மின்திறன் வோல்ட்டின் வர்க்கத்தில் போவதால் 5 சதவீத வித்தியாசம் 10 சதவீதப் பிழையாகிவிடும். நானோவுக்குள்ளேயே 1.1 வோல்ட் ஒப்பீட்டு மின்னழுத்தம் இருக்கிறது, அதை வைத்து வரும் மின்னழுத்தத்தை ஒவ்வொரு முறையும் கணக்கிட்டுக்கொள்ளலாம். ட்ரான்சிஸ்டரில் விழும் வோல்ட்டை மல்ட்டிமீட்டரில் ஒருமுறை பார்த்து ஸ்கெட்ச்சில் எழுதிவிட்டேன். இன்னொன்று, சில பவர் பேங்குகள் இழுக்கிற மின்னோட்டம் குறைவாக இருந்தால் தாமாகவே அணைந்துவிடும். வாங்கும்போது அதைச் சோதித்து வாங்குங்கள்.

ஹீட்டரை அணைத்து வைத்துப் பார்த்தால் இரண்டு தெர்மிஸ்டரும் ஒரே சூட்டைக் காட்ட வேண்டும். காட்டாது, பாதி டிகிரியாவது விலகும். அறைச் சூட்டில் ஒருமுறை, 50 டிகிரியில் ஒருமுறை அந்த விலகலைக் குறித்து ஸ்கெட்ச்சில் கழித்துவிட வேண்டும்.

அடுத்து, மில்லிவாட் எண்ணை விநாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகக் கணக்குக்கு மாற்றுவது. எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். காற்றுச் சுரங்கம் நம்மிடம் ஏது? காற்றை ஓட்டி சென்சாரை நிறுத்துவதற்குப் பதில், காற்றை நிறுத்தி சென்சாரை ஓட்டினால் ஒன்றுதான். பழைய கார் வைப்பர் மோட்டாரை ஒரு கனமான இரும்புத் தட்டில் நிமிர்த்திப் பொருத்தி, அச்சில் மரச்சட்டம் ஒன்றை மாட்டினேன். சட்டத்தின் ஒரு நுனியில், மையத்திலிருந்து 60 சென்டிமீட்டரில் சென்சார். நானோ, பவர் பேங்க், ப்ளூடூத் மாட்யூல் எல்லாம் சட்டத்தின் மேலேயே நடுவில் கட்டியிருந்ததால் ஒயர் முறுக்கிக்கொள்ளும் தொந்தரவு இல்லை, எண்கள் போனுக்கு வந்துவிடும். மறு நுனியில் எடைக்கு எடை. ஒரு சுற்றுக்கு சென்சார் 3.77 மீட்டர் போகிறது. நிமிடத்துக்கு 10 சுற்று என்றால் விநாடிக்கு 0.63 மீட்டர், 40 சுற்று என்றால் 2.5 மீட்டர். வைப்பர் மோட்டாருக்கு இந்தச் சுற்று வேகங்கள் இயல்பானவை, ஒரு வேகக் கன்ட்ரோலர் போட்டால் விரும்பியபடி வைக்கலாம்.

அறைக் கதவு, ஜன்னல், மின்விசிறி எல்லாம் அடைத்திருக்க வேண்டும். நீண்ட நேரம் சுற்றவும் கூடாது. சட்டம் சுற்றச் சுற்ற அறைக் காற்றும் கூடவே சுழலத் தொடங்கும், சென்சாருக்கு உண்மையில் படும் காற்று நாம் கணக்கிடுவதைவிடக் குறைந்துவிடும். ஒவ்வொரு வேகத்திலும் எண் நின்றதும் குறித்துக்கொண்டு நிறுத்தி, காற்று அடங்கியபின் அடுத்த வேகம்.

எனக்குக் கிடைத்தவை: 0.63 மீட்டரில் 110 மில்லிவாட், 1.26-இல் 143, 1.88-இல் 168, 2.5-இல் 189. வேகத்தின் வர்க்கமூலத்தைக் கீழ்க்கோட்டிலும் மில்லிவாட்டைச் செங்கோட்டிலும் வைத்துக் குறித்தால் நாலு புள்ளியும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. மில்லிவாட் = 31 + 100 × √வேகம். நூறாண்டுக்கு முன்னால் மெல்லிய கம்பிக்கு எழுதிய விதி, கம்பத்துக் கடையில் வாங்கிய கால் வாட் ரெசிஸ்டருக்கும் இப்படிப் பொருந்துவதைக் கட்டக்காகிதத்தில் பார்த்தபோது கிடைத்த சந்தோஷம் பெரிது. உங்கள் சென்சாருக்கு 31-உம் 100-உம் வராது. எப்பாக்ஸி கொஞ்சம் கூடினால்கூட மாறும், அவரவர் தலையை அவரவரே சுற்றிப் பார்த்தாக வேண்டும்.

சட்டம் நிற்கும்போது 31 காட்ட வேண்டும் என்றுதான் கோடு சொல்கிறது. காட்டியது 52. சூடான தலையைச் சுற்றிய காற்று தானே லேசாகி மேலெழும்புகிறது, அந்த எழும்பலே ஒரு காற்றோட்டம். ஆகவே காற்று அசையாமல் நின்றாலும் இந்தச் சென்சார் ஏதோ ஒரு வேகத்தைக் காட்டிக்கொண்டுதான் இருக்கும். விநாடிக்கு 0.15 மீட்டருக்குக் கீழே எது காட்டினாலும் அதை எண்ணாக எடுக்காமல் 'காற்று இல்லை' என்றே எழுதிக்கொண்டேன். அதற்கு மேலே போனால் மெதுவான காற்றில்தான் இதன் கூர்மை அதிகம். அரை மீட்டர் வேகத்துக்கு அருகே வேகம் 0.1 கூடினால் 7 மில்லிவாட் ஏறுகிறது, 2.5 மீட்டருக்கு அருகே 3 மட்டுமே. ஸ்டோருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அமையாது.

இந்தச் சுற்றுச்சட்டத்தைக் கம்பத்தில் ஓட்டாமல் மேலே ஸ்டோருக்குப் பக்கத்து அறையில் ஓட்டியதற்குக் காரணம் உண்டு. சென்சாருக்குத் தெரிவது காற்றின் வேகம் மட்டுமல்ல, எவ்வளவு காற்று அடித்துக்கொண்டு போகிறது என்பதும்தான். கம்பம் சுமார் 400 மீட்டர் உயரம், ஸ்டோர் இருப்பது 1000 மீட்டருக்கு மேலே. மெட்டு ஏறினால் காற்றழுத்தம் 7, 8 சதவீதம் குறைகிறது, காற்றும் அந்த அளவுக்கு மெலிசாகிறது. கீழே போட்ட கோட்டை மேலே பயன்படுத்தினால் எல்லா வேகமும் குறைவாகவே காட்டும்.

அப்படியானால் 25 டிகிரி அறையில் போட்ட கோடு 50 டிகிரி ஸ்டோருக்குள் செல்லுமா? இந்தக் கேள்வி என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. காற்று சூடானால் மெலிசாகிறது, கூடவே பிசுபிசுப்பும் ஏறுகிறது. இரண்டும் சேர்ந்து வெப்ப இழப்பை 7 சதவீதம் போலக் குறைக்கும். ஆனால் சூடான காற்று வெப்பத்தை இன்னும் நன்றாகக் கடத்தும், அது ஏறத்தாழ 7 சதவீதம் கூட்டும். ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மிச்சம் ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த வெப்ப எல்லைக்குள், வேகத்தின் வர்க்கமூலத்தில் போகும் சென்சாருக்கு, இது இயற்கையே செய்து கொடுத்த ஏற்பாடு.

இனி ஸ்டோர். அடுப்பின் சூட்டுக்குழாய்களைத் தாண்டி ப்ளோயர் தள்ளும் காற்று இடது சுவர் வழியாக உள்ளே வந்து, ஏழடுக்குத் தட்டுகளுக்கு ஊடே குறுக்காகப் போய், வலது சுவர் வழியாகத் திரும்புகிறது. கதவு வலது பக்கம். தட்டில் காய் பரப்பிய நிலையில்தான் அளக்க வேண்டும், வெறும் தட்டில் காற்று வேறு மாதிரி ஓடும். அடுப்பு பற்றவைத்த முதல் சில மணி நேரத்திலும் அளக்கக் கூடாது. அப்போது உள்ளே ஆவி மண்டிக்கிடக்கும், வெளியிலிருந்து கொண்டுபோன சென்சாரின் மேல் ஈரம் படியும். அந்த ஈரம் காயும்போது தலையின் சூட்டை உறிஞ்சும், சென்சார் அதைப் பெருங்காற்று என்று காட்டிவிடும். ஆவி வெளியேற வைத்திருக்கும் ஆவிப்பலகையைத் திறந்துவிட்டு, ஈரம் வெளியேறி, கையில் காய் உலர்ந்து தெரியும்போது தொடங்கினேன். மூங்கில் குச்சியை ஆவிப்பலகை வழியாக நுழைத்து, கதவு சாத்தியபடி, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம். சூட்டுக்குழாய் நேராகக் கண்ணில் படும் இடங்களில் மட்டும் தகரத் துண்டு ஒன்றை மறைவாகப் பிடித்தேன், அதன் அனல் தலையில் படாமல் இருக்க.

நடு அடுக்குகளில் 0.6 முதல் 0.8 மீட்டர் வரை. பரவாயில்லை. கீழ் இரண்டு அடுக்கில், கதவுப் பக்கம், 0.15-ஐ ஒட்டியே நின்றது. அண்ணன் சொன்ன அதே தட்டுகள். ஆனால் எனக்கு விடை கிடைத்தது அங்கே இல்லை. மேல் தட்டுக்கும் கூரைக்கும் நடுவே ஓரடி வெற்றிடம் இருந்தது, சும்மா பார்க்கலாம் என்று குச்சியை அங்கே உயர்த்தினேன். 1.9 மீட்டர்!

ஓரடி உயரத்தில் 1.9 என்றால், ஒரு மீட்டர் அகலத்துக்கு விநாடிக்கு 0.57 கன மீட்டர் காற்று. ஏழு அடுக்குக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 0.38 மட்டும்தான். விறகு எரித்துச் சூடாக்கிய காற்றில் பாதிக்கும் மேல், ஒரு காயைக்கூடத் தொடாமல் கூரையைத் தடவிக்கொண்டு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. தெர்மாமீட்டர் இதை ஒருநாளும் சொல்லாது. அங்கேயும் அது 50 என்றுதான் காட்டும்.

அண்ணனைக் கூப்பிட்டு போனில் எண்ணைக் காட்டினேன். நேரே உள்ளே போய் மேலே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இது இத்தன நாளா இப்படியேவா ஓடுச்சு?" என்றார்.

வேலை அதிகமில்லை. மேல் தட்டின் விளிம்பிலிருந்து கூரை வரை, காற்று வரும் பக்கமாக, தகரத்தை அடித்து அடைத்தோம். தட்டுகளை இழுக்க வசதியாக இரண்டு விரற்கடை இடைவெளி மட்டும் விட்டோம். இடது சுவரில் காற்று நுழையும் இடத்தில் கீழ்நோக்கிச் சாய்த்து இன்னொரு தகரம், கீழ் அடுக்குகளுக்குத் திருப்பிவிட. மறுபடி காய் போட்டு அளந்தபோது கீழ் அடுக்கு இரண்டும் 0.5-க்கு வந்திருந்தன, நடு அடுக்குகள் 0.9.

மொத்தக் காற்று குறைந்திருந்ததையும் சொல்லியாக வேண்டும். 0.95 கன மீட்டராக இருந்தது 0.6-ஐ ஒட்டி வந்துவிட்டது. சும்மா ஓடின சுலபமான வழியை அடைத்துவிட்டோமே, ப்ளோயருக்கு இப்போது தட்டுகளின் தடையைத் தாண்டித் தள்ள வேண்டிய வேலை. சூட்டுக்குழாயைத் தாண்டிப் போகும் காற்று குறைந்ததால் உள்ளே வரும் காற்றின் சூடு ஏறியது, பழைய அளவுக்கு விறகு போட்டால் 55-ஐத் தாண்டும். இது மிக முக்கியம். இந்த மாதிரித் தகரம் அடிப்பவர்கள் முதல் ராத்திரி அடுப்பைக் குறைத்தே வைத்து, காற்று நுழையும் வாயில் தெர்மாமீட்டர் மாட்டி, கூடவே இருந்து பார்க்க வேண்டும். அங்கே வேலை பார்க்கும் அக்கா இரண்டு ராத்திரியில் விறகின் கணக்கைப் பிடித்துவிட்டார். இப்போது நடுராத்திரித் தட்டு மாற்றம் இல்லை, ஏழடுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறங்குகின்றன. கீழ்த்தட்டுக் காயின் நிறமும் மேல்தட்டுக் காயோடு சேர்ந்து நிற்கிறது. ஸ்டோர்காரருக்கு அதுதான் வேண்டியது.

சென்சாரைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று இதற்குத் தெரியாது, சுழன்றடித்தாலும் வேகம் என்றே காட்டும். மூலைகளில் அளவு நன்றாக இருந்தும் காய் உலரவில்லை என்றால், ஸ்டோர் காலியாக இருக்கும்போது ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் புகை எங்கே போகிறது என்று பாருங்கள். காய் இருக்கும்போது வேண்டாம், ஏலக்காய் வாசனையை இழுத்துக்கொள்ளும். அடுத்தது, உலரும் காயிலிருந்து வரும் எண்ணெய்ப் பசையும் தூசியும் தலையில் படியும். படிந்தால் அதே காற்றுக்குக் குறைந்த மில்லிவாட் காட்டத் தொடங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, ஒரு மூடிய டப்பாவுக்குள் வைத்து 52 மில்லிவாட் காட்டுகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்த்துக்கொள்கிறேன். காற்று அசையாத டப்பாவுக்குள் அந்த எண் பெயர்ந்தால் தலையில் ஏதோ படிந்திருக்கிறது, அல்லது எப்பாக்ஸி விட்டிருக்கிறது.

கீழே கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர்கள் சிலர், சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் ஓடுவதை இதை வைத்தே அளக்கலாமா என்று கேட்டார்கள். இதே தலையை வைத்து முடியாது. தண்ணீர் சூட்டைப் பிடுங்குகிற வேகம் காற்றைவிடப் பல பத்து மடங்கு. விநாடிக்கு 10 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீரில் இந்தத் தலையை 5 டிகிரி கூடுதலாக வைத்திருக்கவே ஒரு வாட்டுக்கு மேல் வேண்டும், நம்மிடம் இருப்பது கால் வாட். 12 வோல்ட்டில் ஓடும் பெரிய ரெசிஸ்டர், ஈரம் புகாத ஸ்டீல் உறை, 25 டிகிரிக்குப் பதில் 3, 4 டிகிரி வித்தியாசம், அவ்வளவு சிறிய வித்தியாசத்தைப் பிரித்துப் பார்க்க 16 பிட் ஏ.டி.சி. என்று எல்லாம் மாறும். சூட்டை அதிகம் ஏற்றினால் தண்ணீரில் கரைந்த காற்று குமிழியாகத் தலையில் ஒட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் அளவு போச்சு. அடுத்து அதைத்தான் செய்யப் போகிறேன், உறைக்கு ஸ்டீல் குழாய் வெட்டக் கொடுத்திருக்கிறேன்.